வீண் சிறைக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் யார்?

கல்லாவில் பத்து வெள்ளி குறைந்தால் நாம் கடைப் பையனைச் சந்தேகிக்கும் முன்பு பேரேட்டை மறுபடியும் கூட்டிப் பார்க்கிறோம். பிரிட்டனில் கிளைத் தபால் நிலையம் நடத்திய சிறு கடைக்காரர்களுக்கு இந்த நியாயம் கிட்டவில்லை. 1999 முதல் அவர்களுடைய வரவு செலவு, 'ஹொரைசன்' என்னும் கணினி ஏற்பாட்டில் ஏறிற்று. அதை நடத்தியது ஃபுஜிட்சு கம்பெனி. கணினி துண்டு விழுந்ததாகக் காட்டியபோதெல்லாம் கடைக்காரரே திருடர் ஆனார். இப்படி நேர்வது உமக்கு மட்டுமே என்று பலரிடம் சொல்லவும் பட்டது. 2015 வரை 900க்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். சிறை சென்றவர்களுள் ஒரு கர்ப்பிணியும் உண்டு.

2019இல் உயர் நீதிமன்றம் கணினியின் கோளாறுகளை எடுத்துரைத்தது. 2024இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை மொத்தமாக நீக்கிற்று. நீங்கியவருக்கு 6,00,000 பவுன் வரை ஒரே தொகையாகப் பெறும் வழியும் உண்டு. பணம் பொதுக் கஜானாவிலிருந்து வருகிறது.

வரி கொடுத்தவன் செய்த குற்றம் என்ன என்று கேட்கலாம். கேள்வி சரியே. ஆயினும் சிறைக் கதவைப் பூட்டியது சர்க்காரின் சாவியன்றோ? கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி ஏமாற்றினாலும் வாடிக்கைக்காரருக்குக் கடைதான் முதலில் பதில் சொல்லும். பங்காளிகளின் வழக்கு பிறகு. நீதிபதி தெரியாமல் செய்த பிழைக்கு பைத்துல்மாலிலிருந்து ஈடு தரலாம் என்று ஃபிக்ஹு அறிஞர் பலர் கூறியதும் இதனாலேயே. இல்லையேல் அந்த ஆசனத்தில் அமர யார் துணிவார்?

சாட்சி சொன்னவர் கதை வேறு. இருவர் சொன்ன சாட்சியால் ஒருவரின் கை வெட்டப்பட்டது. பின்னர் அவர்களே வேறொருவரைக் கொண்டு வந்து, முன்னர் ஆள் தவறிவிட்டோம் என்றனர். ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் போன கைக்கான தியத்தை அவ்விருவர் மீதே சுமத்தினார்கள். வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்திருந்தால் உங்கள் கைகளை வெட்டியிருப்பேன் என்றும் எச்சரித்தார்கள்.

பிரிட்டனில் சாட்சி சொன்னது இயந்திரம். அது சரியாகவே இயங்குகிறது என்பதே அந்நாட்டுச் சட்டத்தின் அனுமானம். இயந்திரத்திடம் தியத்து வாங்க முடியாது. அதற்கு ஜாமீன் நின்று பேசிய தபால் நிறுவனத்தாரிடமும் கம்பெனியாரிடமும் வாங்கலாம். கோளாறு தெரிந்தே பேசியவர் யார் என்று பார்த்து, சர்க்கார் கொடுத்ததை அவர்களிடம் வசூலிப்பதே முறை. ஈட்டுத் தொகையில் பங்கேற்கத் தங்களுக்கு தார்மீகக் கடமை உண்டென்று ஃபுஜிட்சுவின் ஐரோப்பியத் தலைவர் 2024 ஜனவரியில் பார்லிமெண்டுக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். கடனை ஒப்புக்கொள்வதற்கும் பணத்தை எண்ணி வைப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது நம் வர்த்தகர்களுக்குத் தெரியாததல்ல.