உழைப்பவருக்கும் பசிக்கும்

இலவச ரேஷனும் பணமும் கிடைப்பதால் மக்கள் வேலைக்குப் போக மனமில்லாமல் இருக்கிறார்கள் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று வாய்மொழியாகக் கருத்துச் சொன்னது. வீடற்றோர் தங்குமிடம் பற்றிய வழக்கில் எழுந்த பேச்சு அது. கூரையில்லாதவர் மீது சோம்பல் பழி சுமத்துவது அறமாகாது.

கர்நாடகத்தின் இலவச அரிசித் திட்டமான அன்னபாக்யாவையே எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஆளுக்குப் பத்துக் கிலோ என்று 2023 தேர்தலில் வாக்குறுதி அளித்தவர்கள் ஆட்சிக்கு வந்தபோது, கூடுதல் அரிசியை விற்க இந்திய உணவுக் கழகம் மறுத்தது. அதனால் மீதி ஐந்து கிலோவுக்கு ஈடாக, கிலோ 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 850 ரூபாய் கிடைத்தது. இதை வைத்துக்கொண்டு பெங்களூரு சிவாஜிநகரில் எவர் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியும்? வாடகை இருக்கிறது, மருந்து இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிச் செலவு இருக்கிறது. அங்குள்ள ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் வீட்டில் அரிசிக் காசு மிஞ்சினால், அது பருப்பாகவும் முட்டையாகவும் காய்கறியாகவும் மாறி அதே மார்க்கெட் கடைக்காரரிடம்தான் திரும்பி வருகிறது. இன்னொன்றும் உண்டு. அடுத்த வேளைச் சோறு உறுதியானவர் அற்பக் கூலிக்கு 'மாட்டேன்' என்று சொல்ல முடியும். ஆள் கிடைக்கவில்லை என்னும் புலம்பலுக்குள் இந்த உண்மையும் இருக்கிறது.

நம் மரபும் பசித்தவர் பக்கமே நிற்கிறது. ஏழையின் பசியைத் தீர்ப்பதையே செல்வத்தைச் சேமித்து வைக்கும் இடம் என்றார் வள்ளுவர். புறநானூற்றில் குடபுலவியனார், உணவு தருவதை உயிர் தருவதாகவே பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைத்து, அதே மூச்சில் நீர்நிலை அமைக்கவும் சொல்கிறார். சோறும் உற்பத்தியும் அவருக்கு ஒரே பேச்சு. மணிமேகலையின் அமுதசுரபி சிறைக்கோட்டத்தார்க்கும் சோறிட்டது. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இவர்களில் எவரும் பசித்தவரிடம் உழைப்புக்குச் சான்று கேட்டதில்லை.

வசதி உள்ளவர் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான பிபிஎல் கார்டு வைத்திருப்பது தவறுதான்; ரேஷன் அரிசி கள்ளச்சந்தைக்குப் போவதும் குற்றமே. ஆனால் 2024 நவம்பரில் கர்நாடகத்தில் நடந்த களையெடுப்பில் தகுதியுள்ள ஏழைகளின் கார்டுகளும் சேர்ந்து போயின. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, வருமான வரி கட்டுவோரும் அரசு ஊழியரும் நீங்கலாக மற்றவர்களுக்குத் திருப்பித் தர அரசு இறங்கி வந்தது. இனி ஒரு கார்டை நீக்கும் முன், அந்த வீட்டு அடுப்பை அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கட்டும்.