விலை கேட்பவனின் நாணயம்

வாங்கும் எண்ணம் இல்லாதவன் ஒரு சரக்கின் விலையைக் கேட்கலாமா? கடை வைத்திருக்கும் நம்மவர்க்கு இது புதிய கேள்வியன்று. ஆயினும் பிட்காயின் முதலிய மின்னணு நாணயச் சந்தையில் விலைகேட்பு முறை பரவியதால், பழைய கேள்வி புது வேடம் பூண்டு வந்திருக்கிறது. (அந்நாணயங்களை வாங்கலாமா, கூடாதா என்பது வேறு வழக்கு, அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன்.)

முறை இதுதான். பொதுச் சந்தையில் வாங்குவோர் விலையும் விற்போர் விலையும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. 500 பிட்காயின் வேண்டுமென்று ஒருவர் அங்கே இறங்கினால், மலிவான சரக்கு முதலில் தீர்ந்து, மேலும் மேலும் ஏறிய விலைக்கு வாங்க நேரும். ஆகவே பெரிய கைக்காரர் விலைகூறுவோர் நாலைந்து பேரைத் தனித்தனியே அணுகி, "இத்தனைக்கு என்ன விலை?" என்கிறார். அவர்கள் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் சொல்கின்றனர். அவ்விலை சிறிது நேரமே, பலவேளை சில விநாடிகளே, நிற்கும். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவதைக் கண்டவர்க்கு இதன் சூட்சுமம் விளங்கும்.

கேட்பவர் தாம் வாங்க வந்தாரா, விற்க வந்தாரா என்பதைச் சொல்லாமலிருக்கலாம். இது வஞ்சகமா? அன்று என்பேன். அவர் பொய் சொல்லவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவே. சொல்லிவிட்டால் விலை அவருக்கு எதிராகச் சாயும்.

ஆனால் முடிக்கும் எண்ணமே இன்றி ஐவரிடம் விலை கேட்டு, சந்தையின் நாடியைப் பிடித்துக்கொண்டு வேறிடத்தில் வியாபாரம் செய்பவரை என்னென்பது? பொய்யாக விலையேற்றும் நஜ்ஷ் விலக்கப்பட்டதை அறிவோம். இது அதுவன்று, எனினும் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. உத்தேச விலை போதுமென்று வெளிப்படையாகக் கேட்கும் வழி இருக்கும்போது, உறுதி விலை கேட்டு ஒருவரைக் காக்கவைப்பது அவர் கைப்பொருளை இரவலாய் எடுப்பதாகும்.

விலை சொல்பவர் பக்கமும் கறை உண்டு. "சரி" என்று கேட்டவர் சொன்ன பின், சிலர் சந்தையை மறுபடி பார்த்துவிட்டுப் பின்வாங்குகின்றனர். இதைக் 'கடைசிப் பார்வை' என்பர். அந்நியச் செலாவணி வணிகத்திலிருந்து வந்த வழக்கம் இது. 2017-இல் வெளியான உலக அந்நியச் செலாவணி நெறிக்கோவையும் இதை அறவே விலக்காமல், வாடிக்கையாளருக்குத் தெரிவித்துச் செய்க என்றே கூறிற்று. சொன்ன சொல்லை விழுங்குவதாகவே எனக்கு முதலில் பட்டது. பின்னர் யோசித்தேன். பத்து விநாடி நிற்கும் விலை கேட்பவருக்கு இலவசச் சலுகை. அதற்குள் சந்தை ஏறினால் பழைய விலைக்கு எடுத்துக்கொள்வார்; இறங்கினால் நடையைக் கட்டுவார். நட்டம் எப்போதும் சொன்னவருக்கே. ஆகவே தற்காப்பு நியாயமே. ஆனால் தமக்குப் பாதகமானபோது மறுத்து, அதே அளவு சாதகமானபோது வாய் மூடி ஏற்பவர் தற்காப்பைச் சொல்லிப் பிழைக்க முடியாது.

சில சங்கிலித்தொடர்ச் சந்தைகளில் விலைகூறுவோர் விலையுடன் மின்கையொப்பமும் இட்டுத் தருகின்றனர். கெடுவுக்குள் கேட்டவர் ஏற்றால், நிரலே இருபக்கமும் கைமாற்றிவிடுகிறது. அங்கே மறுபார்வைக்கு இடம் மிகக் குறைவு. அதனாலேயே கெடுவைக் குறுக்கி, விலையைச் சற்று அகலமாக வைப்பாரும் உண்டு.