வினையா, கடனா: சுரங்கத்தின் மேல் இறங்கும் நிலம்

நிலத்தடிச் சுரங்கம் தோண்டிய இடத்தில் தரை உடனே இறங்குவதில்லை. நிலக்கரி வெட்டும்போது கூரையைத் தாங்க ஆங்காங்கே கரித்தூண்களை விட்டுவைப்பார்கள். நாளடைவில் தூண்கள் நொறுங்கும். அல்லது கடைசியில் அவற்றையும் வெட்டிவிடுவார்கள். கூரைப் பாறை சரிந்து, மேலே தரை தாம்பாளம்போல் குழியும். குழிவின் நடுவிலுள்ள வீடு சிலசமயம் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே கீழிறங்கிவிடும். நிலம் இழுபடுவது ஓரத்தில்தான். அங்கே சன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஏறும், கதவு நிலையோடு இறுகும், தார்ச்சாலை பிளக்கும். உள்ளே நெருக்குதலால் அதே சாலை புடைத்து எழும். விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி குறிப்பது பழைய முறை. சில்லு உடைந்தால் நிலம் இன்னும் ஓயவில்லை.

விரிசல் விழுந்த அந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு கூடைக் கரிகூட எடுத்தவரில்லை. அவர் அனுபவிப்பது யார் வினை?

செய்தவரே அனுபவிப்பார் என்பதில் சைவ சித்தாந்தமும் சமணமும் ஒன்றுபடுகின்றன. அந்தக் கணக்கில் வீட்டுக்காரரின் முற்பிறப்பைத்தான் தேட வேண்டும். தர்க்கத்தில் குறையில்லை, ஆனால் தூணை வெட்டியவரை யாரும் எதுவும் கேட்காமல் விட அது வசதியாகிவிடுகிறது. கடன் என்ற பழைய சொல் இங்கே கூடுதலாகப் பொருந்தும். கடன் கைமாறும், சொத்தை எடுத்துக்கொண்டவர் கடனையும் ஏற்க வேண்டும் என்பது ஊர் வழக்கு.

அந்த வழக்கைக் கரிச்சுரங்கமே இல்லாத இடத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டின் கல்வராயன் மலை சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறை, கரிப்படுகை கிடையாது. அதை ஒட்டிய கள்ளக்குறிச்சிச் சமவெளியில் ஆழத் தோண்டுவது என்றால் கிணறுதான். கடப்பாரை இறங்குமுன் தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, பூமியிடம் அனுமதி கேட்கிறார்கள். வெட்டிய கிணற்றைத் தூர்ப்பது பாவம் என்ற நம்பிக்கையும் உண்டு. கிணற்றின் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, கைப்பிடிச்சுவர் காவலிருக்கிறது, வெட்டியவரின் பேரனே அதில் நீர் இறைக்கிறார். எடுப்பவரும் சுமப்பவரும் ஒரே குடும்பம். சுரங்கம் இந்த ஒப்பந்தத்தை உடைக்கிறது. அதன் பள்ளத்துக்கு மேலே சுவர் கிடையாது.

தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தபோது மேலிருந்த கட்டடங்களும் சேதமடைந்தன. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். குடியிருப்புகள் அங்கேயே இருக்கின்றன.

பள்ளம் கடனாகவே வந்து நின்ற இடம் ஜாரியா நிலக்கரி வயல். நிலத்தடித் தீ 1916இல் அங்கே கண்டறியப்பட்டது. தனியார் விட்டுச்சென்ற வெற்றிடங்கள் 1971–73 தேசியமயத்தோடு அரசின் கைக்கு வந்தன. தீயணைப்புக்கும் மறுகுடியமர்த்தலுக்கும் 2009இல் 7,112 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கரியை விற்ற பணம் எப்போதோ செலவாகிவிட்டது; வட்டி மட்டும் தரைக்கு வந்தது.

சாலை, கட்டடம் இவற்றிலிருந்து 45 மீட்டருக்குள் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்கிறது சுரங்க விதி. வெட்டிய இடத்தை மணலும் நீரும் கலந்து நிரப்புவது ஓரளவு காக்கும். எடுத்ததைத் திருப்பி வைப்பதற்கு மிக அருகில் வருவது அதுதான். ஜாரியாவில் அதற்குத் தாமோதர் ஆற்று மணலை அள்ளினார்கள்.