சாமி சாப்பிட்ட பிறகு

பாஞ்சாலங்குறிச்சிக்கு இளவெயிலோடு போய்விட வேண்டும். பத்து மணி தாண்டினால் அந்தக் கரிசல் மண்ணில் நிற்க முடியாது. 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையின் வாசலில் வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் மனைவியும் அதைத் தாண்டி, பழைய கோட்டை இருந்த இடத்துக்குப் போனோம். தரையோடு தரையாகச் செங்கல் அடித்தளங்கள். ஓர் அறிவிப்புப் பலகை. அவ்வளவுதான் மிச்சம். 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி பானர்மன் படையோடு வந்தார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் இந்தக் கோட்டையின் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த அவர் தம்பி ஊமைத்துரை இதே இடத்தில் மண்கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் மாதக் கடைசியில் அதன்மேல் பாய்ந்த கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. விழுந்ததை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

வடநாட்டுக் கோட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்த கையோடு இங்கே வந்திருந்தோம். ஆம்பேர், ஜோத்பூர், சித்தூர், உதய்பூர். எத்தனை கண்ணாடி, எத்தனை பளிங்கு! வழிகாட்டிகள் வாளின் எடையையும் அந்தப்புர அறைகளின் எண்ணிக்கையையும் ஒப்பித்துக்கொண்டே வந்தார்கள். அதெல்லாம் என் மண்டையில் நிற்கவில்லை. நின்றவை வேறு. ஆம்பேர்க் கோட்டைக்குள் ராஜா மான்சிங் வங்காளத்திலிருந்து கொண்டுவந்து வைத்த சிலாதேவி சன்னதி. ஜோத்பூரில் மெஹ்ராங்கட்டின் மதில் ஓரத்தில், ஊரையே காவல் காத்துக்கொண்டிருக்கும் சாமுண்டா தேவி. சித்தூரில் மீராவின் கோயில். நமக்கு மீரா என்றாலே எம்.எஸ். முகம்தானே? அந்தச் சின்ன மண்டபத்தில் நின்றபோது என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரண்மனையை உதறிவிட்டுக் கண்ணனிடம் போனவளின் கோயிலுக்குத்தான் அந்தக் கோட்டையில் கூட்டம். அவளை நிம்மதியாக இருக்கவிடாத அரண்மனைவாசிகளின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

உதய்பூரில் இன்னொன்று கேள்விப்பட்டேன். மேவாரின் மகாராணாக்கள் தங்களை அரசர் என்று சொல்லிக்கொள்வதில்லையாம். அரசர் ஏகலிங்கநாதர். ராணா அவருக்குத் திவான். அதைக் கேட்டதும் எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. இதே மாதிரி ஒருவர் எங்கள் சீமையிலும் இருந்தாரே, அவருடைய கோட்டையை ஒழுங்காக ஒருநாள் பார்த்திருக்கிறோமா என்று தோன்றிற்று.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வீரசக்கதேவி கோயிலுக்குள் போய் வரட்டும். ஜக்கம்மா என்பது சனங்களின் வாய்ப்பேச்சு. கட்டபொம்மனின் குலதெய்வம். சித்திரைத் திருவிழாவில் அந்தப் பொட்டலில் நிற்க இடம் இருக்காது. நாங்கள் போன நாளில் மூன்று பேர்தான். குங்குமம் தந்த அம்மாள் எங்களைப் பார்த்து, “எங்கிட்டு இருந்து வாரீய?” என்று கேட்டார். தூத்துக்குடி என்றோம். “அடுத்தாப்ல எங்க?” என்றார். திருச்செந்தூர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ சரியாத்தான் போறீய. எங்க ராசா போன பாதைல்லா அது!”

அந்தப் பாதையின் கதை தெற்கத்திச் சனங்களுக்கு மனப்பாடம். திருச்செந்தூரில் உச்சிகால பூசை முடிந்து, சாமிக்கு அமுது படைத்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகே கட்டபொம்மன் தன் இலையில் கை வைப்பாராம். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். தெரிவது எப்படி? வழிநெடுக மணிமண்டபங்கள் கட்டி வைத்தார். கோயில் மணி அடித்ததும் அதைக் கேட்டு அடுத்த மண்டபத்து மணி, அதைக் கேட்டு அதற்கடுத்தது என்று ஓசை ஓடிவரும். உப்பளத்தையும் தேரிக்காட்டையும் பனங்கூட்டத்தையும் தாண்டி வந்து பாஞ்சாலங்குறிச்சி அரண்மனையில் ஒலிக்கும். அப்புறம்தான் சோறு. கோட்டை அவருடையது, சாப்பாட்டு நேரம் முருகனுடையது! கப்பம் கேட்டவனிடம் வளையாத முதுகு எங்கே வளைந்திருக்கிறது, பாருங்கள்.

அன்று காலையில் நாங்களும் பல்லில் தண்ணீர்கூடப் படாமல்தான் கிளம்பியிருந்தோம். ஓட்டப்பிடாரத்தில் டீக்கடைக்காரர், “அண்ணாச்சி, டீ போடட்டா?” என்றார். வேண்டாம் என்றேன். “விரதமா?” என்றார். “சாமி இன்னும் சாப்பிடல” என்று என் மனைவி முந்திக்கொண்டு சொன்னாள். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வ.உ.சி. பிறந்த ஊர் அது. அங்கே எதையும் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் 1713-இல் எழுந்த பனிமய மாதா கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டோம். எங்கள் ஊரில் எந்த மதத்துக்காரர் என்றாலும் அந்தத் தாயைத் தாண்டிச் சும்மா போக மனசு வராது. முத்துக் குளிக்க இறங்கியவர்களின் உயிரைக் கையில் பிடித்திருந்தவள் அல்லவா? கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். மூக்கை இடுக்கிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிப் பாரில் இறங்கி, ஒரு மூச்சில் சிப்பி அள்ளி ஏறிய மனிதர்களின் கரை இது. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கைவிட்டால் கீழே இருப்பவன் கதை முடிந்தது. அந்த நம்பிக்கையைப் பக்தி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்ல?

முள்ளக்காட்டு உப்பளங்கள் கண்ணைக் கூச வைத்தன. பழையகாயல் கடந்து ஆத்தூர்ப் பாலத்தில் தாமிரபரணி குளிர்ந்தாள். இரண்டு பக்கமும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். இந்த ஆற்றங்கரையில்தான் பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இருந்தது. கடல் விலகிப் போய், இப்போது அது உள்நாட்டுக் கிராமம். துறைமுகம் போயிற்று, அரண்மனை போயிற்று. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம் என்று ஊர்கள் ஓட ஓட, பசி என்பதே மறந்து நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு. தென்னைகளுக்கு மேலே கோபுரத்தின் தலை தெரிந்ததும் என் மனைவி, “முருகா!” என்று கத்திவிட்டாள். ஓட்டுநர் பயந்து பிரேக் போட்டார்.

ஒன்பது நிலை, 137 அடி. மேற்கே பார்த்து நிற்கிறது, கிழக்கே கடல் இருப்பதால். திருவாவடுதுறை ஆதீனத்து தேசிகமூர்த்தி சுவாமிகள் இதைக் கட்டும்போது கூலி கொடுக்கக் கையில் காசில்லை. பன்னீர் இலையில் விபூதி மடித்துக் கொடுத்து, தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டிப் போய்ப் பிரித்துப் பாருங்கள் என்றாராம். பிரித்தால் உள்ளே வேலைக்கேற்ற கூலி. சித்தூரில் ராணா கும்பாவின் வெற்றித் தூணுக்கும் ஒன்பது அடுக்குதான். அதை அண்ணாந்து பார்த்து வியந்தேன். இதை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, அழுகை வந்தது.

டச்சுக்காரர்கள் 1646-இல் வந்து இந்தக் கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1648-இல் கிளம்பும்போது சண்முகரையும் நடராசரையும் பொன் என்று நினைத்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுக்கடலில் புயல். பயந்துபோய்ச் சிலைகளைக் கடலில் போட்டுவிட்டார்கள். நெல்லைச் சீமையில் அதிகாரியாக இருந்த வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்தான். எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடு என்றான். 1653-இல் ஐயன் கடலிலிருந்து கரையேறி வந்து சேர்ந்தான். முத்தெடுத்துப் பழகிய கடலிலிருந்து சண்முகனை எடுத்தார்கள்! இந்தக் கரை அதுவரை கண்டெடுத்த முத்துக்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகுமா?

நாழிக்கிணற்றில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டோம். உப்புக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த நல்ல தண்ணீர். சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். 2025 ஜூலை 7 குடமுழுக்குக்குப் பிறகு சாதாரண நாளே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. முன்னால் ஒரு கைக்குழந்தை, பின்னால் காவடிச் சிந்து முணுமுணுக்கும் ஒரு தாத்தா. வேர்வை, விபூதி, எண்ணெய்ப் பிசுக்கு, பன்னீர் இலை வாசம்.

சன்னதி முன் நான் போய்ச் சேர்ந்தபோது திரை போட்டிருந்தது. உள்ளே நிவேதனம். யாரும் நகரவில்லை, யாரும் தள்ளவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் சாமி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் நாங்கள் அத்தனை பேரும் காத்துக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், கடிகாரம் பார்க்கிற இடமா அது? பாஞ்சாலங்குறிச்சி அரண்மனையில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவருடைய காத்திருப்பு எனக்குள் வந்து இறங்கியது அப்போதுதான். இது பசியைப் பொறுத்துக்கொள்கிற நோன்பு இல்லை என்று பட்டது. வீட்டில் பிள்ளை சாப்பிடாமல் தாய் எப்படிச் சாப்பிடுவாள்? அது மாதிரிதான். அரசனுக்கு ஆண்டவன்மேல் இருந்தது பாசம்.

மணி அடித்தது. திரை விலகியது.

என் செந்திலாண்டவா! எத்தனை தீபம், எத்தனை ஒளி! ஒரு கையில் செபமாலை, ஒரு கையில் சிவனுக்கு இடப்போகிற பூ. சூரனை வென்ற கை அது. வென்ற மறுகணமே பூவை எடுத்துக்கொண்டு அப்பனுக்குப் பூசை செய்ய நின்றுவிட்டது. வென்றவன் வணங்கி நிற்கிற கோலத்தை இத்தனை கோட்டை பார்த்தேனே, எங்கே பார்த்தேன்? பூசை செய்யும் போத்தி தீபத்தை உயர்த்தினார். அந்தக் கரிய திருமேனியில், கன்னத்தில், உதட்டோரத்தில், பூ ஏந்திய விரலில் ஒளி வழிந்து வழிந்து இறங்கியது. சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான். “அரோகரா!” என்று எழுந்த முழக்கத்தில் என் குரல் எது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் வாய்க்குள் உப்புக் கரித்தது. என்ன வேண்டிக்கொண்டேன் என்று மனைவி பிறகு கேட்டாள். வேண்டிக்கொள்ள அங்கே ‘நான்’ என்று ஓர் ஆள் நிற்கவில்லையே! உருகிப் போயிருந்தது. முருகா, முருகா, முருகா. அந்த மூன்றெழுத்தைத் தவிர நாவில் வேறொன்றும் இல்லை.

பலர் இத்தோடு விபூதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவசரக்காரர்கள். உச்சிகாலம் முடிந்ததும் நாயனமும் தவிலும் முழங்கப் பாலும் அன்னமும் ஏந்திக்கொண்டு ஒரு சிறு ஊர்வலம் கடலுக்குப் புறப்படும். கங்கை பூசை என்பார்கள். நாங்கள் அதன் பின்னாலேயே ஓடினோம். உச்சி வெயிலில் கொதிக்கிற மணல். கடல் கரையை அரித்து ஏறி வந்திருக்கிறது. அலை முழங்காலைத் தொடும் இடத்தில் நின்று பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். வெள்ளை நுரையில் வெள்ளைப் பால் எது என்று தெரியவில்லை. சோற்றுப் பருக்கைகள் மட்டும் ஒரு கணம் தனியாக மிதந்தன. பிறகு அடுத்த அலை அள்ளிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பாட்டி, “கடலம்மாவும் சாப்பிட்டாச்சு, இனி நீங்க சாப்பிடுங்கய்யா” என்றார்.

ஐயனைத் திருப்பித் தந்த கடலுக்குத் தினமும் சோறு! யார் தொடங்கினார்களோ, எப்போது தொடங்கினார்களோ. நான் மணலிலேயே விழுந்து கும்பிட்டேன். ஒரே விழுகையில் கோயிலுக்கும் கடலுக்கும் அந்த ராசாவுக்கும். எழுந்தபோது நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிடப் போன மனைவியின் கையைத் தடுத்துவிட்டேன். மற்றவர்கள் பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். அங்கே யாரும் பார்க்கவில்லை. அவரவர் பைத்தியம் அவரவருக்கு.

கோயில் அன்னதானத்தில் இலை போட்டார்கள். சோறு, சாம்பார், கூட்டு. பரிமாறியவர் இரண்டாம் முறை வந்தபோது நான் போதும் என்று சொல்லவில்லை. அன்றைய சோற்றின் ருசியை எழுதத் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

வடநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப் போகிற அன்பர்களே, தாராளமாகப் போய் வாருங்கள். ஆம்பேரின் கண்ணாடி மாளிகையையும் சித்தூரின் மீராவையும் கண்ணாரப் பாருங்கள். அதற்கு முன்போ பின்போ ஒருநாள் ஒதுக்கி, விடியற்காலையில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போங்கள். ஜக்கம்மாவிடம் சொல்லிக்கொண்டு, வழியில் எதையும் வாங்கித் தின்னாமல், உச்சிகாலத்துக்கு முன்னால் செந்தூர் சேருங்கள். தீபாராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மேளம் கடலுக்குப் போகும், அதோடு கூடவே போங்கள். சாமி சாப்பிட்ட பிறகு சாப்பிடுங்கள். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!