திரையில் தெரிந்தது தமிழா?

எழுத்து என்பது கண்ணுக்குத் தோன்றும் வடிவமா, அன்றி அவ்வடிவத்தின் பின்னே நிற்கும் பொது உடன்பாடா? இலக்கண வகுப்போடு முடிந்துபோகும் வினா அன்று இது. தொண்ணூறுகளில் வின்டோஸ் கணினியில் தேர்வுத்தாளோ பள்ளி ஆண்டுமலரோ தமிழில் ஆக்கிய ஒவ்வோர் ஆசிரியரும், தம்மையறியாமலே இதற்கொரு விடை கூறியவராவார்.

1992இல் வெளிவந்த வின்டோஸ் 3.1இல் தமிழ் இல்லை. புதிய எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ளும் வசதியே இருந்தது. அவ்வாயில் வழியாகத் தமிழ் நுழைந்தது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கி வளர்த்த முரசு, கனடாவில் சீனிவாசன் ஆக்கிய ஆதவின், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் வடித்த மயிலை முதலியன அக்காலத்தவை. பெருநிறுவனங்கள் நம் மொழியை ஏறெடுத்தும் பாராத நாளில் இவர்கள் ஆற்றிய தொண்டு சிறிதன்று.

ஆயினும், மயிலை போன்ற எழுத்துருக்கள் செய்தது யாது? ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தைக் குடியேற்றின. கணினியின் நினைவில் இருந்தது ஆங்கில எழுத்தின் எண்ணே. தமிழ் அதன்மேல் போர்த்திய ஆடை. வேறொரு கணினியில் அவ்வெழுத்துரு இல்லையெனில், குறளுக்கு எழுதிய உரையும் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகிவிடும்.

இன்னொன்று காண்க. பவணந்தியார் ஒலியையே எழுத்தென்றார். ககர மெய்யோடு ஒகரம் சேர, 'கொ' பிறக்கிறது. எழுத்துருவோ கொம்பு, ககரம், கால் எனக் கண் கண்ட வரிசையில் மூன்று துண்டுகளை அடுக்கியது. அகரவரிசைப்படுத்தச் சொன்னால் 'கொக்கு' ககரத்தில் வாராது. 'செடி', 'தெரு' ஆகியவற்றோடு கொம்பின்கீழ்ப் போய் நிற்கும். ஒலியை மறந்த எழுத்து, அகராதியில் தன் வீட்டை அறியாது திகைத்தது.

“அச்சிட்ட தாளைப் படிக்க முடிந்ததே, போதாதா?” என்பர் சிலர். தாளளவில் போதும்தான். ஆனால், சேமித்து வைத்த கோப்பு பின்வருவோர்க்கு விட்டுச்செல்லும் வைப்பன்றோ? புங்கே, கிரிசார் என்னும் இரு தோட்ட முதலாளிகளின் பெயர்கள் இணைந்தே பங்சார் ஆயிற்று என்பர். அக்காரணத்தை அறியாதாரும் வழி தவறாமல் இங்கு வந்து சேர்கின்றனர். பெயர் பொதுவில் இருக்கிறது. குறியீட்டு அட்டவணையைத் தமக்குள் பூட்டிக்கொள்வோர் இப்பொதுமையையே மறுக்கின்றனர். பிழைப்புக்காகச் செய்தாலும் அது முறையன்று என்பதே என் துணிபு.

1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு அறிவித்த தரம்கூடத் தாம், தாப் என இரண்டாகவே இருந்தது. இணையத்தில் வளர்ந்த திஸ்கி வேறு. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடை வின்டோஸ் 2000 ஏற்ற பின்னரே குழப்பம் மெல்லத் தணிந்தது.

பழைய கோப்புகளை மாற்றித் தரும் கடமை யாருடையது? எழுதியவருடையதே என்பேன், அவர் இல்லையேல் வட்டு யார் கையில் உள்ளதோ, அவருடையது. மாற்றும் நிரல்கள் உள்ளன. ஆனால், எந்த எழுத்துரு என்று முதலில் தெரிய வேண்டும். மாற்றிய பின் ஒருவர் அமர்ந்து வரிவரியாக ஒப்புநோக்கவும் வேண்டும். பங்சார் வட்டார ஆசிரியர் சிலர் அண்மையில் கொணர்ந்த நெகிழ்வட்டுகளுள் ஒன்றின் மேலட்டையில் மட்டும் எழுத்துருவின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அதிலிருந்தே தொடங்கினோம்.