பூஜ்யத்தைக் கண்டா நடுங்குகிறாய்?

212 டெஸ்ட்டும் பாஸ். டாஷ்போர்டில் கவரேஜ் மட்டும் 0 சதவீதம். உடனே உனக்கு என்ன தோன்றுகிறது தம்பி? ‘இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது.’ கண்ணில் பட்ட தீர்வையெல்லாம் ஒட்டிப் பார்க்கிறாய், பிளக்இன் வெர்ஷனை மாற்றுகிறாய், எக்லிப்ஸையே அழித்துவிட்டு மறுபடி போடுகிறாய். அப்புறம் சீனியர் வரட்டும் என்று கை கட்டி உட்கார்ந்துவிடுகிறாய். எழுந்திரு! முகத்தைக் கழுவிக்கொண்டு வா.

மூன்று நாள் அப்படி உட்கார்ந்தவன் நான். அந்த உரிமையில்தான் அதட்டுகிறேன்.

கவரேஜை அளக்கும் ஜாகோகோ என்ன மந்திரமா செய்கிறது? டெஸ்ட் ஓடும் ஜேவிஎம்முக்குள் ஏஜென்ட்டாக நுழைகிறது. கிளாஸ்கள் லோடு ஆகும்போது அங்கங்கே அடையாளம் வைக்கிறது. ஓட்டம் எவற்றைத் தொட்டது என்பதை ‘ஜாகோகோ.எக்ஸெக்’ கோப்பில் எழுதிவைக்கிறது. அவ்வளவுதான்! அப்படியானால் முதல் கேள்வி ஒன்றே: டார்கெட் ஃபோல்டரில் அந்தக் கோப்பு இருக்கிறதா?

இல்லையா? பில்டு சக்சஸ் என்ற பச்சை எழுத்தில் மயங்காமல் லாகை மேலே தள்ளிப் படி. தரவுக் கோப்பு இல்லாததால் ஜாகோகோவைத் தவிர்க்கிறேன் என்று மேவன் ஒரு வரியில் முனகியிருக்கும். மூன்று நாளும் என் கண் முன்னால்தான் கிடந்தது அது. மேவனின் பாம் கோப்பைத் திறந்தேன். மெமரி போதவில்லை என்று யாரோ, டெஸ்ட்டை ஓட்டும் ஷ்யூர்ஃபயரின் ஆர்க்லைனில் 1024 எம்பி என எழுதியிருந்தார்கள். ஜாகோகோ தன் ஏஜென்ட்டை ஏற்றிவிடுவதும் ஆர்க்லைன் என்ற அதே பெயருள்ள ப்ராபர்ட்டியில்தான். கையால் எழுதிய வரி அதை அப்படியே மறைத்துவிட்டது. வரியின் தொடக்கத்தில் ஓர் அட் குறி, நெளிவு அடைப்புக்குள் ஆர்க்லைன் என்ற சொல், இவ்வளவுதான் சேர்த்தேன். ஏஜென்ட் உள்ளே வந்துவிட்டது! எழுதிய அந்த யாரோ யார் என்று கிட்டில் பார்த்தேன். நான்தான்.

கோப்பு இருந்தும், அதை எக்லிப்ஸுக்குள் இம்போர்ட் செய்தால் பூஜ்யமா? அசராதே. ஜாகோகோ ஒவ்வொரு கிளாஸையும் அதன் பைட்கோடிலிருந்து கணக்கிட்ட 64 பிட் எண்ணால் அடையாளம் காண்கிறது. மேவன் ஜாவாசியால் கம்பைல் செய்கிறது. எக்லிப்ஸுக்குச் சொந்தக் கம்பைலர். சோர்ஸ் ஒன்றானாலும் பைட்கோடு வேறாகலாம், எண் பொருந்தாது. எக்லிப்ஸில் பார்க்க வேண்டுமானால் எக்லிப்ஸுக்குள்ளேயே கவரேஜ் ஓட்டு. அதன் கவரேஜ் பிளக்இன் எக்ளெம்மா எதற்கு இருக்கிறது?

இப்போது ஓட்டு. பச்சை வந்ததும் துள்ளாதே, மஞ்சளைப் பார். மஞ்சளாக நிற்கும் அந்த இஃப்பின் இன்னொரு கிளைக்குள் உன் 212-இல் ஒரு டெஸ்ட்கூட நுழையவில்லை. 213-ஆவதை எழுதாமல் இன்றைக்கு லேப்டாப்பை மூடாதே!