களைந்த ஆடையும் கத்தரிக்கோலும்

பிறர் உடுத்திக் களைந்த பட்டுச் சேலையை விலைக்கு வாங்குகிறாள் ஒரு தாய். நைந்த பகுதியை வெட்டி எறிகிறாள். எஞ்சியதைக் கரையோடு சேர்த்துப் பாவாடையாக்கி மகளுக்கு உடுத்துகிறாள். இது தன்மானத்திற்கு இழுக்கா?

இழுக்கே என்பர் இளந்தோழர் சிலர். அவர்தம் சினத்திற்குக் காரணம் உண்டு. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சூத்திரனுக்கு ஒதுக்கியவை எவை? உண்டு எஞ்சிய சோறு, உடுத்துப் பழகிய துணி, பதர், பழந்தட்டுமுட்டு! சண்டாளருக்கோ பிணத்தின் ஆடை! ஏட்டோடு நின்றதா இக்கொடுமை? திருவிதாங்கூரிலே தோள்சீலைக்குப் போராடிய நாடார் பெண்டிர்க்கு 1859இல் அரசு வழி விட்டது. அப்போதும் மேல்சாதிப் பெண்டிர் போல உடுத்தலாகாது என்றது. 1930 டிசம்பரில் இராமநாதபுரச் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கு விதித்த எட்டுத் தடைகளிலே, ஆண்கள் சட்டை அணியலாகாது என்பதும், பெண்கள் இரவிக்கையோ தாவணியோ அணியலாகாது என்பதும் இடம்பெற்றன.

எட்டயபுரத்தையும் எண்ணிப் பாருங்கள். சுப்பிரமணியனுக்குப் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்த ஊர். அந்தப் பாரதியே 1919இல் அவ்வூர் ஜமீனுக்குச் சீட்டுக்கவி விடுத்துச் சால்வை கேட்க நேர்ந்தது; பயன் விளையவில்லை. நாடறிந்த கவிஞனுக்கே அந்த நிலை! ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அரண்மனை அதிகாரம் போயிற்று. கொடுப்பவன் உயர்ந்தவன், வாங்குபவன் தாழ்ந்தவன் என்ற நினைப்பு போயிற்றா?

இழிவு துணியிலே இல்லை, அது வந்த வழியிலே இருக்கிறது என்போம் நாம்.

பழம்பட்டு முதலில் இற்றுப்போவது மடிப்பிலேதான். கரையும் முந்தியும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். ஐந்தரை மீட்டர்ச் சேலையிலே சிறுமியின் பாவாடைக்கு இரண்டு மீட்டர் நல்ல துணி தேறாதா? உள்ளே பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால் பட்டும் தாங்கும். தெருவிலே கூவி வரும் வணிகருக்கோ சரிகையின் வெள்ளி மட்டுமே கண்ணில் படும். நெய்தவன் உழைப்பு நெருப்புக்குப் போகும். அதைக் காப்பாற்றும் கையை இகழ்வதா பகுத்தறிவு? (ஊசி பிடிக்கும் கை ஏன் எப்போதும் பெண்ணின் கையாகவே இருக்கிறது என்றும் கேட்கத்தான் வேண்டும்.)

இனாமாக வந்த சேலையின் கதை வேறு. அதை உடுத்தி நடந்தால், "அது என் சேலையன்றோ!" என்பாள் கொடுத்தவள், நாலு பேர் நடுவே. வெட்டிப் பாவாடையாக்கியபின் அவள் எதைச் சுட்டுவாள்? அளவு வேறு, வடிவு வேறு, உழைப்பு வேறு. கொடுத்தவளின் உரிமையையும் சேர்த்தே அறுக்கிறது கத்தரிக்கோல்.

ஆனால் ஒன்றை அந்தக் கத்தரிக்கோலாலும் அறுக்க முடியாது. வீட்டு வேலை செய்பவளுக்குப் பொங்கலன்று பழஞ்சேலை ஒன்றை நீட்டி, அம்மாதக் கூலியிலே குறைத்துக்கொள்கிறாள் வீட்டுக்காரி. அச்சேலையை எத்துணை அழகாகத் தைத்தாலும் குறைந்த கூலி குறைந்ததுதான். அங்கே அவள் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசைக் கேட்கட்டும். நாம் அவள் பக்கம் நிற்போம்.